சீருடை தைத்த பெரியவர்

கல்லூரி மலர்களில் இடம்பெறும் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதிபர்களையும், நீதியரசர்களையும், மருத்துவர்களையும், கொடைவள்ளல்களையும் பற்றியனவாகவே இருக்கும். அது முறையே. அன்னாரது உழைப்பினாலன்றோ கல்லூரிகள் எழுந்தன! ஆயினும், எக்கல்லூரியிலும் பயிலாத, எந்தப் பதிவேட்டிலும் பெயர் காணாத ஒரு தையற்காரரைப் பற்றிச் சில கூற இம்மலரில் இடம் கேட்கின்றோம். பழைய மாணவருட் பலர் அவர் தைத்த சீருடையை அணிந்தே வகுப்பறைக்குட் புகுந்தவர்கள். அவர் பெயரை இங்கு எழுதவில்லை. பெயர் அச்சேறுவதை அவர் விரும்பியவரல்லர். கொட்டாஞ்சேனைப் பக்கத்தார்க்குப் பெயரின்றியே ஆள் விளங்கும்.

விவேகானந்த சபைக்கு நடந்து செல்லுந் தூரத்தில் ஓர் ஒடுங்கிய அறையே அவரது கடை. ஒரு கால்மிசின், ஒரு மேசை, சிரட்டைக்கரி இட்ட ஸ்திரிக்கைப் பெட்டி, கழுத்தில் அளவுநாடா. இவையே அவருடைய முதல். தை மாதம் பாடசாலை தொடங்குமுன், அரசு இலவசமாகக் கொடுத்த துணியை எடுத்துக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் எம்மை அம்மா அழைத்துச் செல்வார். அருகில் வேறு தையற்காரர் இல்லாமலில்லை. எனினும் அம்மா அங்கே போனதற்குக் காரணம் உண்டு. அவர் காற்சட்டையின் கீழ்விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு விட்டுத் தைப்பார். "வளருகிற பிள்ளையம்மா" என்பார். மறுவருடம் அம்மடிப்பைப் பிரித்து இறக்கித் தருவதற்குக் காசு வாங்கமாட்டார். வறிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாலு விரல் துணி ஒரு வருடச் செலவை மிச்சப்படுத்திற்று.

அவர் ஒரு போர்வீரர் என்பதை நாம் அறிந்தது ஆசிரியத் தொழிலிற் புகுந்த பின்னரே. இரண்டாம் உலகப்போர் பற்றிக் கட்டுரை எழுத முயன்ற மாணவன் ஒருவனுக்காக, முதியவர் யாரையாவது விசாரிக்கலாமென்று எண்ணி, ஒரு மாலையில் அவரிடம் சென்றோம். மிசினை நிறுத்தாமலே, "நானும் போனவன்தானே, தம்பி" என்றார்.

1942 ஏப்ரில் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை யப்பானிய விமானங்கள் கொழும்பின்மேற் குண்டு பொழிந்தன. துறைமுகத்தில் 'ஹெக்டர்', 'ரெனெடொஸ்' என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. கொழும்பு இந்துக் கல்லூரி மாணாக்கர் நன்கறிந்த இரத்மலானையிலிருந்த விமானத்தளமும் தாக்கப்பட்டது. நான்கு நாட்களின் பின் திருகோணமலைக்கும் அதே கதி நேர்ந்தது. மக்கள் நகரை விட்டு ஊர்களுக்கு ஓடினர். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கொட்டாஞ்சேனையில் அவர் கைவேலை பழகிய கடையும் பூட்டப்பட்டது. வேலை போயிற்று; படைக்கு ஆள் சேர்த்தார்கள்; சேர்ந்தார். இலங்கையிற் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. சென்றவர்கள் தாமாகச் சென்றவர்களே. "வீரம் ஒன்றுமில்லை, வயிறுதான்" என்றார். மத்திய கிழக்குக்குச் சென்ற இலங்கையருள் ஒருவராக எகிப்தை அடைந்தார். ஆங்கே துப்பாக்கியைப் பிடித்ததிலும் ஊசியைப் பிடித்ததே அதிகம். கூடாரங்களையும் சீருடைகளையும் தைத்தார்.

அவ்வளவில் நிறுத்தியிருப்பார். "வேறென்ன தைத்தீர்கள், ஐயா?" என்று நாம் கேட்டுவிட்டோம். மிசின் நின்றது. இறந்தவர்களைப் போர்வையிற் சுற்றிப் புதைப்பார்களாம். அப்போர்வையின் விளிம்பைத் தைப்பதற்குத் தையற்காரனைக் கூப்பிடுவார்களாம். தம்மோடு கப்பலேறிய ஒருவனுக்கும் அவரே தைத்தாராம். சிறிதுநேரம் பேசாதிருந்து, "அந்தத் துணிக்கு மடிப்பு விடத் தேவையில்லை, தம்பி" என்றார். பிறகு மறுபடியும் மிசினை மிதிக்கத் தொடங்கினார். நாமும் அதன்மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இவரை நினைக்குந்தோறும் இங்கிலாந்தின் ஹரி பாட்ச் என்பாரும் எம் நினைவுக்கு வருவார். சமர்செற் பகுதியில் 1898 இற் பிறந்த அவர், நீர்க்குழாய் பொருத்தும் தொழிலாளி. முதலாம் உலகப்போரிற் கட்டாயமாகப் படையிற் சேர்க்கப்பட்டார். 1917 செப்டெம்பர் 22 இல், பசெண்டேல் போர்க்களத்தில் வெடித்த எறிகணையொன்று அவருடைய தோழர் மூவரைக் கொன்றது, அவரும் காயமுற்றார். ஊர் திரும்பிக் குழாய் வேலையையே தொடர்ந்தார். நூறு வயது வரை அப்போரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, மனைவியிடமுங் கூறவில்லை. நாடு முழுவதும் நவம்பர் மாதத்தில் நினைவுநாள் கொண்டாட, அவருக்கு நினைவுநாள் செப்டெம்பர் 22 ஆகவே இருந்தது. நூறு கடந்தபின் அவரைத் தேடிச் சென்று கேட்டார்கள், அவரும் கூறினார், 2007 இல் அது நூலாயிற்று. 2009 யூலை 25 இல், 111 ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படி இறுதிச் சடங்கில் ஆயுதம் எதுவும் இடம்பெறவில்லை. பதுங்குகுழியிற் போரிட்டோருள் இறுதியாக எஞ்சியிருந்தவர் அவரே என்று உலகமே அவரைப் போற்றியது.

குழாய் பொருத்தியவருக்கும் துணி தைத்தவருக்கும் வேறுபாடு ஒன்றுதான்: அவரைக் கேட்டு எழுத ஆள் இருந்தது.

நம் பெரியவரிடம் ஒருகாலத்திற் சான்றுகள் இருந்தன. படையிலிருந்து விடுவித்த பத்திரமும் ஒரு பதக்கமும் தகரப் பெட்டியொன்றில் இருந்தன. 1983 யூலையிற் கடை எரிக்கப்பட்டபோது அப்பெட்டியும் எரிந்தது. எந்த நாட்டைக் காக்கவெனப் படைக்குச் சென்றாரோ, அந்நாட்டின் தலைநகரிலேயே அது நிகழ்ந்தது. அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று அவரையும் மனைவி மக்களையும் வீட்டினுள் மறைத்துக் காத்தது. சில மாதங்களின் பின், கடனுக்கு ஒரு மிசின் வாங்கி, அதே தெருவிற் கடையைத் திறந்தார். நாம் அறிந்த மிசின் அதுவே. பதக்கத்துக்காக அவர் வருந்தியதில்லை. கடையோடு எரிந்துபோன, பிள்ளைகளின் அளவு எழுதிய கொப்பிக்காகவே வருந்தினார்.

நவம்பரில் நிகழும் நினைவு வைபவத்துக்கும் அவர் போனதில்லை. காலிமுகத்தில் நின்ற போர் நினைவுத்தூண், யப்பானிய விமானங்களுக்குக் குறியாகிவிடுமென அஞ்சிப் பெயர்க்கப்பட்டு, இன்று விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கின்றது. அதன் படியில் வைக்கும் பொப்பிப்பூவுக்கும் இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. அப்பூவை விற்ற பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே செல்கின்றதெனக் கண்டித்து, 1930களிற் 'சூரியமல்' இயக்கத்தார் அதற்குப் போட்டியாகப் பூவரசம்பூவை விற்றனர். இதனை ஒருமுறை அவரிடங் கூறினோம். சிரித்து, "பூவரசு எங்கள் வேலியிலேயே நின்றது" என்றார்.

இனி எம் குற்றத்தைக் கூறவேண்டும். பத்திரம் எரிந்தபின் அவரது வாழ்வுக்கு அவர் நாவையன்றி வேறு சான்றில்லை என்பதை நாம் நன்கறிவோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை மறவாத இனத்தில் வந்த நாம், ஏடு அழியுமென்பதை அறியாதவர்களா? "விடுமுறையில் கொப்பியோடு வருகிறேன், ஐயா" என்று வாக்களித்தோம். அவ்விடுமுறை விடைத்தாள் திருத்துவதிற் கழிந்தது. அடுத்தது வீட்டு அலுவலிற் கழிந்தது. மூன்றாம் முறை நாம் சென்றது பொறளை கனத்தை மயானத்துக்கே. அவருக்கு வயது தொண்ணூற்றுமூன்று. முப்பது பேரளவில் வந்திருந்தோம். கப்பலேறிய அத்தோழனின் பெயர் என்ன, எந்த மணலில் அவன் கிடக்கின்றான் என்பதை இனி எவரிடம் கேட்பது? பிறருக்கு வரலாற்றின் அருமையை வகுப்பில் எடுத்துரைத்த நாமே அதனைக் கைநழுவ விட்டோம்.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு முதியவர் இருப்பார். செருப்புத் தைத்தவராகவோ, சலூன் வைத்தவராகவோ, கடைச்சிப்பந்தியாகவோ இருப்பார். விடுமுறை வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இன்று மாலையே ஒரு கொப்பியோடு அவர் அருகில் அமருங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள், மறுநாளும் செல்லுங்கள்.

இவ்வாண்டுத் தொடக்கத்திலும் ஒரு சிறுவனைக் கண்டோம். மடிப்பைப் பிரித்து இறக்கிய நீலக் காற்சட்டை. பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறாத நீலத்தில் ஒரு பட்டை. வகுப்பிலுள்ள மற்றவர் பார்க்காதபடி அதனைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். "மறைக்காதே, தம்பி" என்று கூறி, இப்பெரியவரின் கதையை அன்று வகுப்பு முழுவதற்கும் எமக்குத் தெரிந்த அளவிற் கூறினோம்.