பதினான்கா? பதினேழா?

தையற்காரரிடம் ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு, அளவு சொல்லாமல் திரும்பி வருவீர்களா? மாட்டீர்கள். தோள் எவ்வளவு, கை எவ்வளவு, கழுத்து எத்தனை அங்குலம் இறங்கலாம் என்று மனிதரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வருவீர்கள். ஆனால் வீட்டிலிருக்கும் காருக்குப் புதுச் சக்கரம் மாட்டப் போகிறேன் என்று பிள்ளையோ தம்பியோ கிளம்பினால் மட்டும், "அதெல்லாம் அவர்கள் சமாசாரம்" என்று இருந்துவிடுகிறோம். காரை நாமே ஓட்டுகிற வீடுகளில்கூட இப்படித்தான் நடக்கிறது.

அது நம்முடைய சமாசாரமும்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். குறிப்பாக, பின் ஸீட்டில் உட்காருகிறவர்களுடைய சமாசாரம்.

காற்றடித்த டயர் எப்படிப் புழக்கத்துக்கு வந்தது, தெரியுமா? பெல்ஃபாஸ்டில் டன்லப் என்று ஒரு மாட்டு வைத்தியர் இருந்தார். அவருடைய சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆக, வேகத்துக்காகவோ அழகுக்காகவோ வந்ததல்ல டயர். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு உடம்பு வலிக்கக் கூடாது என்று வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் தம்பியிடம் 2019-ல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. சின்ன வண்டிதான், ஆனால் துடுக்கான வண்டி. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். விலையில் நடுத்தரமான ரகம் என்பதால் அதற்குக் கம்பெனி கொடுத்தது 14 அங்குல இரும்புச் சக்கரம், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. தம்பிக்கு அந்த மூடியைக் கண்டாலே ஆகாது. ஜப்பானில் இதே வண்டியில் 'ஸ்போர்ட்' என்று ஒரு ரகம் வந்தது. அது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. அதற்கு 17 அங்குலச் சக்கரம். அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தான். இந்தத் தீபாவளி போனஸ் வந்ததும், "அக்கா, நீ வந்தால்தான் பேரம் படியும்" என்று என்னைக் கூப்பிட்டான்.

பேரம் பேசுவதற்கு முன்னால் சரக்கு என்னவென்று தெரிய வேண்டாமா? வாசலில் நின்ற வண்டியின் டயரைக் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் '165/80 ஆர் 14' என்று எழுதியிருந்தது. உங்கள் வீட்டு வண்டியிலும் இப்படி ஒன்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. 165-ல் நூற்றுக்கு 80 என்றால் 132 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல், அதை விட்டுவிடலாம். கடைசியில் உள்ள 14, நடுவிலிருக்கும் உலோகச் சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே டயரில் மில்லிமீட்டரும் உண்டு, அங்குலமும் உண்டு, வட்டிக் கணக்கும் உண்டு! அரிசியைப் படியிலும் பருப்பைக் கிலோவிலும் எண்ணெயை லிட்டரிலும் வாங்கிப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

14 அங்குலம் என்பது சுமார் 356 மில்லிமீட்டர். அதோடு மேலே ஒரு 132, கீழே ஒரு 132. மொத்தச் சக்கரத்தின் உயரம் 620 மில்லிமீட்டர் என்று வருகிறது. இந்த 620-தான் மாறாமல் இருக்க வேண்டியது. வேகம் காட்டும் மீட்டர் இதை நம்பித்தான் ஓடுகிறது. மட்கார்டுக்குள் இடம் விட்டிருப்பதும் இதற்குத்தான். இதைக் கவனியாமல் யாராவது '205/65 ஆர் 15' என்று கொழுத்த டயரை மாட்டினால், உயரம் 647 ஆகிவிடும். மீட்டர் 80 என்று காட்டும். வண்டியோ முன்பு 80-ல் போனதைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

மொத்த உயரம் மாறக் கூடாது. நடுவிலிருக்கும் உலோகம் மட்டும் பெரிதாக வேண்டும். அப்படியானால் எது குறையும்? ரப்பர்தான் குறையும். தம்பி ஆசைப்பட்ட '205/45 ஆர் 17' டயரில் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர். பழையதற்கு 132. வித்தியாசம் 40 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரற்கடை. மொத்த உயரமோ 616. பழையதற்கும் இதற்கும் பெரிய பேதமில்லை. அதனால்தான் கடைக்காரர்கள், "ஒரு பிரச்னையும் இல்லை, கச்சிதமாக உட்காரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பொய்யும் இல்லை. உட்காரத்தான் செய்யும். நாம் எப்படி உட்காருவது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு முகம் இருந்தது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி, போன வருஷம் இரண்டு மாதம் படுக்கையில் இருந்து எழுந்தவள். மாதம் இரண்டு தடவை தாம்பரத்திலிருந்து நகரத்துக்குள் வைத்தியரிடம் வர வேண்டும். தம்பிதான் காரில் அழைத்து வருவான். வழியில் எத்தனை வேகத்தடை, எத்தனை தோண்டிப்போட்ட பள்ளம் என்று சென்னை வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"சின்னச் சக்கரமே போதும் என்று அவனிடம் நீ ஒன்றும் சொல்லாதே" என்றாள். "அப்பா போனதிலிருந்து அவன் தனக்கென்று ஒரு சட்டைகூட ஆசைப்பட்டு வாங்கியதில்லை. நான் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன். இல்லாவிட்டால் ரயிலில் வந்துவிடுகிறேன். உடம்புக்கு அதுவே சௌகரியம். இதை அவனிடம் சொல்லிவிடாதே."

என்ன பதில் சொல்வது? "சரி அம்மா" என்று வைத்தேன்.

மவுண்ட் ரோடிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரியுமல்லவா? கார்களின் கல்யாணக் கூறைக் கடைத்தெரு அது. ஸீட் உறையிலிருந்து ஹாரன் வரை கிடைக்காதது இல்லை. முதலில் நுழைந்த கடையில் பையன் ஒருவன் பளபளவென்று 17 அங்குல அலாய் சக்கரங்களை வரிசையாக எடுத்து நிறுத்தினான். நெஜமாகவே அழகாக இருந்தன. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்ட மூன்று கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

அந்த மூன்றும் நீங்களும் கேட்க வேண்டியவை. முதலாவது, நட்டுத் துளைகளின் கணக்கு. இந்த வண்டிக்கு நான்கு நட்டு. அவை அமையும் வட்டத்தின் குறுக்களவு 100 மில்லிமீட்டர். ஜப்பானிய 'ஸ்போர்ட்' வண்டிக்கோ ஐந்து நட்டு. அந்தச் சக்கரத்தை இதில் மாட்டவே முடியாது. இரண்டாவது, நடு ஓட்டை. இந்த வண்டியின் அச்சுக்கு 54.1 மில்லிமீட்டர். கடையில் விற்கும் சக்கரங்களில் ஓட்டை பெரிதாகவே இருக்கும். இடைவெளிக்குச் சரியான வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும். மூன்றாவதுதான் சூட்சுமம்: 'ஆஃப்ஸெட்'. சக்கரத்தின் உள்புறம் 'ஈ.டி.' என்று போட்டு ஓர் எண் இருக்கும். அது கம்பெனிச் சக்கரத்தின் எண்ணைவிட ரொம்பக் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். பின் ஸீட்டில் மூன்று பேர் ஏறியதும் மட்கார்டில் உரசும். ரொம்பக் கூடினால் உள்ளே ஷாக் அப்சார்பரில் போய் இடிக்கும். ரவிக்கையில் தோள் இறங்குவதும் ஏறுவதும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாரம் தாங்கும் எண் வேறு இருக்கிறது. அளவுக்குப் பக்கத்திலேயே '85 டி' என்பது போல் அச்சாகியிருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று கணக்கு. அந்தப் பையன் காட்டிய 17 அங்குல டயரில் 84 என்று இருந்தது, 500 கிலோ. பழையதைவிடக் குறைந்த எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். அகலமான டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். காய்ந்த ரோட்டில் வாஸ்தவம். நவம்பர் மழையில் தேங்கிய தண்ணீர்மேல் வேகமாகப் போனால், அகலமான டயர்தான் முதலில் மிதக்கத் தொடங்கும்.

இரண்டாவது கடையில் ஒரு பெரியவர் இருந்தார். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, அவர் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னாடி யார் தம்பி உட்காருவாங்க?"

"அம்மா" என்றான்.

"வயசானவங்களா?"

"ஆமாம். முதுகில் கொஞ்சம் கோளாறு."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் கிடந்த 17 அங்குல டயரின் பக்கச்சுவர்மேல் விரல்களை வைத்து அளந்தார். பிறகு எங்கள் வண்டியின் டயரில் அதே விரல்களை வைத்தார். தம்பி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதே வண்டியிலே உசத்தி ரகத்துக்குக் கம்பெனியே என்ன போட்டிருக்கான், தெரியுமா?" என்றார் பெரியவர். "185/65 ஆர் 15. அலாய்தான். அதைப் போட்டுக்குங்க."

நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர்; பழையதைவிடப் பன்னிரண்டுதான் குறைவு. மொத்த உயரம் 621½, மீட்டர் ஏமாறாது. பாரம் தாங்கும் எண் 88. அதாவது 560 கிலோ, முன்னைவிட அதிகம். அதோடு, கம்பெனியே அந்த வண்டிக்கென்று வைத்துச் சோதித்த அளவு. சட்டத்துக்கும் இது நல்லது. தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்த பிறகு இன்ஷ்யூரன்ஸ்காரரோடு அந்த வாதத்தை நடத்திக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? பதினாறு அங்குலம் என்று நடுவில் ஒன்று உண்டு: 195/55. அதில் பக்கச்சுவர் 107. நல்ல ரோடும் இளம் முதுகும் உள்ளவர்கள் அதுவரை போகலாம் என்பது என் அபிப்பிராயம். பதினேழைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள்.

"பதினைந்தே எடுத்து வையுங்கள்" என்றான் தம்பி.

சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தபோது டீ வாங்கி வந்தவன், என் பக்கம் திரும்பாமலே கேட்டான்: "அம்மா உன்னிடம் ஆட்டோ விஷயம் சொன்னாளா, அக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னிடமும் சொன்னாள்" என்றான். "உன்னிடம் சொல்லக் கூடாதாம்."

இனி, சில்லறை விஷயங்கள். புது டயர் வாங்கும்போது பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். முதல் இரண்டு வாரம். அடுத்த இரண்டு வருஷம். '1025' என்றால் 2025-ன் பத்தாவது வாரம் செய்தது. கடை மூலையில் மூன்று வருஷம் காய்ந்ததைப் புதுசு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். பாலன்ஸிங், அலைன்மெண்ட் இரண்டும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் பாருங்கள். டயரில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை அடித்துவிட்டு உடம்பு குலுங்குகிறது என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப்னி பழைய 14 அங்குல இரும்புச் சக்கரமாகவே இருக்கலாம். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பஞ்சர் கடை வரை தாராளமாகப் போகும். ஆனால் அலாய்க்கென்று தனி நட்டுகள் கொடுத்திருந்தால், அவை இரும்புச் சக்கரத்தில் சரியாகப் பதியாமல் போகலாம். பழைய நட்டு நான்கையாவது கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். எங்கள் வண்டியில் அவை, அம்மா தைத்துக் கொடுத்த ஒரு சுருக்குப் பையில் இருக்கின்றன. மீந்த ரவிக்கைத் துணியில் தைத்தது.