இருள் மலர்த்தும் பூக்கள்

நுழையும்முன்

பூக்காலம் என்றவுடன் இளவேனிலை நினைப்பது நம் வழக்கம். ஆயினும் வீட்டுத் தோட்டத்துச் செடிகளுள் பல, வெயில் தணிந்து இரவு நீளத் தொடங்கும் ஆவணிக்குப் பின்னரே பூக்கின்றன. அவற்றுள் சில, மழைக்காகவோ எருவுக்காகவோ காத்திருப்பதில்லை; இருளுக்காகக் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

காரும் கூதிரும்

தென்பெண்ணையாற்றங்கரையில் கரும்பு வயல்கள் சூழ அமைந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. ஆடிக்காற்று ஓய்ந்ததும் பிற்பகல்தோறும் அம்மலைமீது முகில் திரளும். மாலையில் இடி முழங்கும். சில இரவுகளில் மழை இறங்கும். கோடையில் வெடித்துக் கிடந்த தோட்டத்து மண் அப்போதுதான் நெகிழ்ந்து கொடுக்கும்.

ஆவணியையும் புரட்டாசியையும் கார் என்றும், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும் வகுத்தனர் நம் முன்னோர். குளிர்நாட்டார் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இலையுதிர்காலத் தொடக்கம் என்பர். நமக்கோ அது தளிர்க்கும் காலம். அரும்பு கட்டும் காலம்.

கிணற்றடித் தோட்டம்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என் தாயார் வளர்த்த தோட்டம் இரண்டு சென்ட் அளவுகூட இராது. ஆயினும் ஆவணி பிறந்துவிட்டால் அங்கே நாளுக்கொரு புதுமை காணலாம். ஆடியில் விதைத்த காசித்தும்பை முதலில் பூக்கும். அதன் முற்றிய காயை விரல்நுனியால் தொட்டாலே போதும். தோல் வெடித்துச் சுருள, விதைகள் நாற்புறமும் தெறிக்கும். அடுத்த ஆண்டுக்கு வேண்டிய விதைப்பைத் தானே முடித்துக்கொள்ளும் செடி அது.

கோழிக்கொண்டை, பட்டுத்துணியை மடித்து வைத்தாற்போல் சிவந்து நிற்கும். அதனருகே வாடாமல்லி. அதில் நாம் இதழ் என்று கருதுபவை உண்மையில் இதழ்கள் அல்ல. காகிதம்போல் உலர்ந்த செதில்கள். உலர்ந்தே பிறந்தவை வாடுவது எங்ஙனம்? பெயர் வைத்தவர் கூர்ந்து நோக்கியே வைத்திருக்கிறார். மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்த செண்டுமல்லியும் அவ்வரிசையில் சொந்தச் செடிபோல் நிற்கும்.

அந்திமந்தாரை, பள்ளி விட்டு நாங்கள் வீடு திரும்பும் நேரத்தில் விரியும். மறுநாள் வெயில் ஏறுமுன் குவிந்துவிடும். பவளமல்லி இருட்டிய பிறகே மலரும். வெண்ணிறமும் நறுமணமும் இரவில் திரியும் விட்டில்களை அழைக்கும். விடியுமுன் பூக்கள் பவளக்காம்போடு உதிர்ந்துவிடும். அவற்றில் மண் படாதிருக்க என் தாயார் முதல்நாள் இரவே மரத்தடியில் பாய் விரித்து வைப்பார்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசை இப்பூவிலிருந்தே தொடங்குகிறது. நிலத்தடியில் உறங்கும் கிழங்கு மழை கண்டு முளைத்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியில் ஏறும். விரியும்போது பசுமையும் மஞ்சளுமாக இருக்கும் இதழ்கள் நாளடைவில் செந்நிறம் கொள்ளும். ‘கால்கிசின்’ என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் இச்செடியின் எப்பகுதியையும் உண்ணலாகாது.

பூக்காத சாமந்தி

இத்தோட்டத்தில் இறுதியாகப் பூப்பது சாமந்தி. ஓராண்டு என் தாயார் ஒரே செடியிலிருந்து பிரித்த பக்கக்கன்றுகளைக் கிணற்றடியில் ஒரு வரிசையும் தெருவோர வேலியை ஒட்டி ஒரு வரிசையும் நட்டார். ஒரே மண், ஒரே எரு, ஒரே நீர். ஐப்பசியில் கிணற்றடி வரிசை மஞ்சள் பூத்துக் குலுங்கியது. தெருவோர வரிசை செழித்து வளர்ந்தது. ஆனால் ஓர் அரும்புகூட இல்லை. கண்ணேறு பட்டுவிட்டது என்றனர் சிலர். எரு மிகுந்துவிட்டது என்றனர் வேறு சிலர்.

தாயார் சில நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஓரிரவு வாசலில் நின்று, அவ்வாண்டு புதிதாக நடப்பட்ட தெருவிளக்கை நிமிர்ந்து பார்த்தார். “ராத்திரி பூரா வெளிச்சம் அடிச்சா அது எப்பப்பா தூங்கும்?” என்றார். மறுநாள் மாலை முதல் விளக்குக்கும் செடிகளுக்கும் இடையே பழைய கோணிகளைத் தைத்துத் திரையாகக் கட்டினார், காலையில் அவிழ்த்தார். நான்கு வாரங்களில் அரும்பு தென்பட்டது. மார்கழியில் அந்த வரிசையும் பூத்தது.

இரவை அளக்கும் இலை

எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் தாயார் கண்டறிந்ததை, அமெரிக்க அறிவியலாளர்களான கார்னரும் அல்லார்டும் 1920இல் ஆய்வுரையாக வெளியிட்டிருந்தனர். கோடை முழுதும் பூக்காமல் ஓங்கி வளர்ந்த ஒரு புகையிலை வகையை நாள்தோறும் சில மணிநேரம் இருட்டறையில் வைத்துப் பகலைக் குறைத்தபோது அது பூத்தது. பகலின் நீளத்துக்கேற்பத் தாவரம் பூப்பதை ஒளிக்காலத்துவம் என்கிறோம். 1938இல் ஹாம்னரும் பானரும் மேலும் ஓர் உண்மையைக் காட்டினர். குறும்பகல் தாவரத்துக்கு இன்றியமையாதது நீண்ட, இடையறாத இரவு; அவ்விரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலும் பூப்பு தடைப்படும். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமியே ஒளியையும் இருளையும் பிரித்தறிகிறது.

மூங்கில்துறைப்பட்டு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. இங்கே ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலுக்கும் மார்கழியின் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணிநேர வேறுபாடே உண்டு. நாம் உணராத அம்மாற்றத்தைச் சாமந்தி உணர்கிறது. இதனை அறிந்த மலர் வேளாண்மையாளர், பசுமைக்குடில்களில் இரவில் விளக்கெரித்துச் சாமந்தி பூக்கும் நாளைத் தள்ளிவைக்கின்றனர். அவர்கள் அறிந்து செய்வதைத் தெருவிளக்கு அறியாமல் செய்துவிட்டது.

ஒளிக்கும் எல்லை உண்டு

விளக்கே வேண்டா என்று என் தாயார் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தெருவழியே மாலை வகுப்பு முடிந்து திரும்பும் பெண்பிள்ளைகளுக்கு அவ்வொளியே துணை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வழிக்கு வேண்டிய ஒளி வழியில் விழட்டும்; செடிக்கு வேண்டிய இருள் செடியிடம் இருக்கட்டும். விளக்கின் தலையைச் சற்றே கீழ்நோக்கித் திருப்புவதும், ஒரு மறைப்புத் தகடு பொருத்துவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

மாணவர்களே! ஒளியை அறிவுக்கும் இருளை அறியாமைக்கும் உவமையாக்கிப் பழகிவிட்டோம். உவமைக்கு அது பொருந்தலாம், தோட்டத்துக்குப் பொருந்தாது. இவ்வாண்டு ஐப்பசியில் உங்கள் தெருவில் செழித்திருந்தும் பூக்காத சாமந்திச் செடி ஒன்றைக் கண்டால், அதன் வேரைக் கிளறுமுன் தலைக்குமேல் என்ன எரிகிறது என்று நிமிர்ந்து பாருங்கள்.