மூன்றே ஊராட்சிகள்

மகன் வேலை பார்க்கும் போலந்துக்குப் போனபோது, தென்கிழக்கு மூலையில் பியெஷ்சாடி மலைப்பக்கம் ஒரு வாரம் தங்கினோம். வருவாய்த்துறையில் குப்பை கொட்டியவன் நான். எங்கே போனாலும் கண் அரசு அலுவலகப் பலகையைத்தான் தேடும்!

'போவியாத்' என்பது ஏறக்குறைய நம் தாலுகா. 1975-ல் ஒழித்துவிட்டு 1999-ல் மறுபடி கொண்டுவந்தார்களாம். பியெஷ்சாடி போவியாத்தில் மூன்றே ஊராட்சிகள்: உஸ்ட்ஷிக்கி டோல்னே, சார்னா, லுடோவிஸ்கா. தலைவர் 'ஸ்டாரோஸ்தா'வை மேலிடம் அனுப்புவதில்லை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தங்கிய வீட்டு அம்மாவிடம், "சொந்த ஊர் இதுதானா?" என்று மகனை விட்டுக் கேட்டேன். பிறந்தது இன்றைய உக்ரைனில். 1951-ல் சோவியத்தும் போலந்தும் நிலத்தை மாற்றிக்கொண்டபோது, ஐந்து வயதில் இங்கே வந்தவர். "இங்கிருந்தவர்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கிணற்றடியில் அவர்கள் வாளி கிடந்தது" என்றார்.

எத்தனையோ பட்டா மாறுதலில் கையெழுத்துப் போட்டவன் நான். மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.