நன்கொடை கொடுப்பவர்களின் முகவரிக்கு ஒரு சந்தா

கூட்டேரிப்பட்டு என்றால் சென்னையிலிருந்து விழுப்புரம் போகிறவர்களுக்கு, திண்டிவனம் தாண்டியதும் வருகிற ஒரு கூட்டு ரோடு. அவ்வளவுதான். மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, பக்கத்திலிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சில நாட்களுக்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் எல்லாம் டிவியில் வந்தன. பிறகு வழக்கம்போல மறந்து போனார்கள்.

இப்படி ஒரு ஊரில் ஒரு சின்ன அறக்கட்டளை மாலை நேர டியூஷன் நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர், வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு. மாதச் செலவு இருபதாயிரம் ரூபாய். மழையில் புத்தகமும் பாயும் போய்விட்டால் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பொருளாளரிடம் யாராவது வந்து சொல்வார்கள்: "சார், நன்கொடை கொடுக்கிற ஃபவுண்டேஷன் எல்லாத்துக்கும் அமெரிக்காவுல ஒரு டைரக்டரி இருக்காம். சந்தா கட்டினா மொத்த லிஸ்ட்டும் கிடைக்குமாம்." கட்டலாமா, வேண்டாமா?

டைரக்டரி இருப்பது உண்மைதான். அதன் கதை சுவாரசியமானது. 1950களில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள், இந்த ஃபவுண்டேஷன்கள் பணத்தை யாருக்குக் கொடுக்கின்றன, கம்யூனிஸ்டுகளுக்கா என்று விசாரணை நடத்தின. ஃபவுண்டேஷன்களுக்குக் கண்ணாடிப் பை இருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்று அப்போது கார்னெகி கார்ப்பரேஷன் தலைவர் ஒருவர் சொன்னார். அந்த எண்ணத்தில் 1956-ல் நியூயார்க்கில் ஒரு நூலகமாக ஆரம்பித்ததுதான் பின்னாளில் ஃபவுண்டேஷன் சென்டர் ஆனது. 1960-ல் ஃபவுண்டேஷன் டைரக்டரியின் முதல் பதிப்பு கனமான புத்தகமாக வந்தது. பிறகு சிடி, பிறகு இணையம். 2019-ல் ஃபவுண்டேஷன் சென்டரும் கைடுஸ்டாரும் இணைந்து கேண்டிட் என்று பெயர் மாற்றிக்கொண்டன.

ஆக, சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்த வேலை, நிதி தேடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது!

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டைரக்டரியில் இருக்கும் விவரத்தில் பெரும்பகுதி ரகசியமே இல்லை. அமெரிக்காவில் தனியார் ஃபவுண்டேஷன் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அதில் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2013 முதல் இவற்றை இலவசமாகவே தேடித் தருகிறது. சந்தாவுக்குக் கிடைப்பது வகைப்படுத்தல்: எந்த ஊர், என்ன துறை, சராசரியாக எவ்வளவு தொகை என்று சல்லடை போட்டுப் பார்க்கும் வசதி. மாதம் பத்து விண்ணப்பம் எழுதும் பெரிய நிறுவனத்துக்கு அது லாபம். கூட்டேரிப்பட்டுப் பொருளாளருக்கு ஆண்டுக்குப் பல நூறு டாலர் என்பது இரண்டு டீச்சரின் சில மாதச் சம்பளம்.

சரி, கடன் வாங்கியாவது கட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேடினால் என்ன வரும்? பல ஃபவுண்டேஷன்கள், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று குறிப்புப் போட்டிருக்கும். முகவரி இருக்கும், கதவு இருக்காது. வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுப்பது அவர்களுக்கும் தலைவலி. வாங்குகிற அமைப்பு அமெரிக்கத் தர்ம ஸ்தாபனத்துக்குச் சமமானதுதான் என்று ஆதாரம் திரட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு கேட்டு வாங்க வேண்டும். அதனால் பலர் அமெரிக்காவிலேயே பதிவு செய்த ஒரு இடைநிலை அமைப்பிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்த சுவர் நம் பக்கத்தில். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டுமானால், அமைப்பு ஆரம்பித்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். மாதம் இருபதாயிரம் என்றால் மூன்று ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். பாதிகூட வரவில்லை. முன் அனுமதி என்று இன்னொரு வழி உண்டு. ஆனால் அதற்கு, இன்ன வேலைக்கு இவ்வளவு தருகிறேன் என்று கொடுப்பவர் முதலிலேயே கடிதம் தர வேண்டும்.

2020 செப்டம்பர் திருத்தத்துக்கு முன்னால் ஒரு குறுக்கு வழி இருந்தது. பதிவு உள்ள ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, பதிவு உள்ள சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம். திருத்தம் அதை மூடிவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் எந்த ஊருக்கு வந்தாலும் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் பாங்க் கிளையில்தான் இறங்க வேண்டும். முறைகேடு நடந்தது என்பதால் கட்டுப்பாடு என்கிறார்கள், இருக்கலாம். பெரிய நிறுவனம் அதற்கென்று ஒரு ஆடிட்டரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். டியூஷன் நடத்துகிறவர் என்ன செய்வார்?

அவர் பார்க்க வேண்டிய டைரக்டரி வேறு. அது தமிழ்நாட்டுக்குள்ளேயே, இலவசமாகவே இருக்கிறது. 2014 ஏப்ரல் முதல், கம்பெனிச் சட்டம் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ உள்ள கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பி.காம். பாடத்தில் இது ஐந்து மார்க் கேள்வி. ஆனால் அதே பிரிவில், கம்பெனி இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பரீட்சையில் அதை யாரும் கேட்பதில்லை. கூட்டேரிப்பட்டுக்கு அந்த வரிதான் முக்கியம்.

எந்தக் கம்பெனி எந்த மாவட்டத்தில் எவ்வளவு செலவழித்தது என்பது மத்திய அரசின் சிஎஸ்ஆர் தளத்தில் இருக்கிறது. இதிலும் காகித வேலை உண்டு. வருமான வரியில் 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும், மூன்றாண்டு வேலை செய்த தடம் வேண்டும். ஆனால் 15 லட்சம் என்ற சுவர் இங்கே இல்லை. சந்தாப் பணத்தை வைத்து ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடக் கணக்கை ஒழுங்காகத் தணிக்கை செய்து வாங்கலாம்.

தேடும்போது ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விழுப்புரம் என்று காட்டும் தொகையில் அந்தப் பக்கத்துச் செலவும் சேர்ந்திருக்கும். அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதும் முன், பணம் திண்டிவனம் பக்கம் வந்ததா, சங்கராபுரம் பக்கம் போனதா என்று கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது.