நின்ற பிறகு வந்த புகை

மோட்டார் இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். என் நாவல்களில் எத்தனையோ பேர் கார் ஓட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் நடுவழியில் புகை கிளம்பியதில்லை. அந்தப் பாக்கியம் எனக்கென்றே கொல்லிமலையில் காத்திருந்தது.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். நிதானமாக ஏறியிருந்தால் ஒன்றுமில்லை. இருபதாவது வளைவில் ஒரு பையன் ஹாரன் அடித்துக்கொண்டு என்னை முந்திப் போனான். நாற்பத்தாறு வயதில் வரக்கூடாத ரோஷம் எனக்கு வந்துவிட்டது. இரண்டாவது கியரில் வண்டியை அலற விட்டுக்கொண்டு அவன் பின்னால் பறந்தேன். "எதற்கு இந்த அவசரம்?" என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. அது கோபத்தின் அறிகுறி.

ஐம்பதாவது வளைவைத் தாண்டி, காட்சி பார்க்கலாமென்று ஓரமாக நிறுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பானெட்டின் இடுக்குகளிலிருந்து புகை சுருள் சுருளாகக் கிளம்பிற்று. எஞ்சினை அணைத்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தூரப்போய் நின்றோம்.

பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. போன வாரம்தான் பிரேக் வேலைக்காக வண்டி எங்கள் தெருக்கோடி மெக்கானிக்கிடம் போய் வந்திருந்தது. நல்ல வேளையாக டெலிபோன் கிடைத்தது. "என்ன வேலைய்யா பார்த்தே? குடும்பத்தோடு எரிந்து போயிருப்போமே!" என்று கத்தினேன். என்னைவிட வயதில் மூத்தவர். இருபது வருஷப் பழக்கம். அவரை நான் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை.

"நெருப்பு தெரியுதா சார்? தெரிஞ்சா பானெட்டைத் திறக்காதீங்க. காத்துப் பட்டா பத்திக்கும்."

"இல்லை."

"சூடு காட்டற முள் எங்கே நின்னுச்சு?"

"நடுவில்தான்."

"புகை ஓடும்போது வந்துச்சா, நின்ன பிறகா?"

"நின்ன பிறகு."

"என்ன வாசனை?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மனைவி மூக்கைச் சுளித்து, "வடைச் சட்டி காய்ந்து எண்ணெய் புகைகிறாற்போல் இருக்கிறது" என்றாள்.

"அம்மா சரியாச் சொல்றாங்க" என்றவர் விளக்கினார். நீராவியானால் காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். கூலண்ட் கசிந்தால் தித்திப்பு வாடை அடிக்கும். ஒயர் தீய்ந்தால் பிளாஸ்டிக் நாற்றம். எண்ணெய்ப் புகையோ நீலம் பாய்ந்து, கரையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எரிந்த வாயு எஞ்சினை விட்டு வெளியேறும் இரும்புக் குழாயில் பல நூறு டிகிரி சூடு ஏறியிருக்கும். அதன்மேல் நாலு சொட்டு ஆயில் விழுந்தால் போதும். ஓடும்போது எதிர்காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றதும்தான் கண்ணில் படும்.

அரை மணி ஆறவிட்டு, அவர் சொன்னபடி ரேடியேட்டர் மூடியைத் தொடாமல், பானெட்டைத் திறந்தேன். எஞ்சினின் தலையில் ஆயில் ஊற்றும் மூடி அரைத் திருகில் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எண்ணெய் வழிந்து கீழே இறங்கியிருந்தது. மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னேன்.

சற்று நேரம் மௌனம். "ஆயில் நான் ஊத்தலியே சார்" என்றார், மெதுவாக.

ஊற்றியது நான். அன்று விடியற்காலை, அளவு சற்றுக் குறைவாகத் தெரிந்ததால், புனல்கூட இல்லாமல் ஊற்றினேன். பாதி எஞ்சினுக்குள்ளே, பாதி எஞ்சின் மேலே. சமவெளியில் நிதானமாக வந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மலையில் விரட்டியபோது உள்ளே அழுத்தம் ஏறி, இளகிய ஆயில் மூடி வழியே தெறித்திருக்கிறது.

மூடியை இறுக்கி, ஆயில் அளவைப் பார்த்து, வழிந்ததைத் துடைத்துவிட்டு மெல்லக் கிளம்பினோம். ஒட்டியிருந்த மிச்சம் கொஞ்ச தூரம் புகைந்து அடங்கிற்று.

ஊர் திரும்பியதும் பட்டறைக்குப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எத்தனையோ கதாபாத்திரங்களின் வாயில் வைத்திருக்கிறேன். என் வாய்க்கு அது வரத் தகராறு செய்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "விடுங்க சார். நின்ன பிறகு வந்துச்சுன்னு சரியாச் சொன்னீங்களே, அதுவே பாதி வைத்தியம்" என்றார். உள்ளே போய் ஒரு பழைய புனலை எடுத்துவந்து கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் புனல் இன்றும் என் வண்டியில் இருக்கிறது. ஆயில் ஊற்றும்போதெல்லாம் மூடியை இரண்டு முறை திருகிப் பார்க்கிறேன். பிறகு இன்னொரு முறை.