காற்றில் வரும் மண்

கடலூரிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் உள்ளது குள்ளஞ்சாவடி. முந்திரி விளையும் செம்மண் பூமி. மேற்கே நெய்வேலி, அங்கு 1962 முதல் பழுப்பு நிலக்கரியால் மின்சாரம் உற்பத்தியாகிறது. இவ்வழியே பயணம் செய்து புழுதியைக் காண்போர்க்குத் தொலைதூரத் தீவுகளின் செய்தியொன்று பாடமாகும்.

2020 பிப்ரவரியில் சகாராப் பாலைவனப் புழுதி கடல் கடந்து கேனரித் தீவுகளைச் சூழ்ந்தது. விமான நிலையங்கள் மூடப்பட்டன. அதைத் தடுக்க மனிதனால் இயலாது. காற்று திசை மாறினால் அகன்றுவிடும்.

சுரங்க மண்ணும் நிலக்கரிச் சாம்பலும் அவ்வாறல்ல, நாள்தோறும் எழுபவை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். குழந்தைகளும் முதியோருமே பெரிதும் நலிவர். ஆயினும் மனிதன் எழுப்பிய தூசியை மனிதனால் அடக்க முடியும். சாலையில் நீர் தெளிப்பதும், லாரிகளைத் தார்ப்பாயால் மூடுவதும், மரம் வளர்ப்பதும் எவரும் அறிந்த வழிகளே. பாலைப் புழுதிக்குப் பொறுமை போதும். இத்தூசிக்குப் பொறுப்பு வேண்டும்.