பாட்டில் இல்லாத பெயர்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து உறையூருக்கு ஸ்கூட்டரில் அரை மணி கூட ஆகாது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது வெக்காளியம்மனைப் பார்த்துவிடுவேன். அம்மனுக்கு மேலே கூரை கிடையாது. வெயிலானாலும் மழையானாலும் அவள் தலையில்தான். சூலத்தில் சீட்டுகள் கட்டியிருக்கும். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், நாலாக மடித்து, மேலே நூல் சுற்றி. உள்ளே யார் வீட்டுக் குறையோ!

அதைப் பார்க்கும்போதெல்லாம் இதே ஊரில் போட்ட இன்னொரு மனு ஞாபகம் வரும். புறநானூற்றின் 47-ஆம் பாட்டு.

சோழர் குடியில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை. நலங்கிள்ளியிடம் இருந்துவிட்டு உறையூருக்குள் வந்தான் இளந்தத்தன் என்ற புலவன். இவன் ஒற்றன் என்று முடிவுகட்டி நெடுங்கிள்ளி கொல்லப் போனான். குறுக்கே வந்து பாடினார் கோவூர் கிழார். இளந்தத்தன் பிழைத்தான்.

கோவூர் கிழாரும் நலங்கிள்ளியைப் பாடியவர்தான். சந்தேகப்படுவதென்றால் அவரையும் பட்டிருக்கலாம். இருந்தும் வாயைத் திறந்தார். திறந்தவர், இவன் ஒற்றன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. வள்ளல்களைத் தேடிப் பறவை போல நெடுவழி போவோம், கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்போம், சேர்த்து வைக்க மாட்டோம், இந்தப் பிழைப்பில் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்டார். எதிர்த்து வாதாடும் புலவரை நாணவைப்போமே தவிர வேறு தீங்கு அறியோம் என்றார். கடைசியில், மண்ணாளும் உங்களுக்கு இருக்கிற பெருமிதம் எங்களுக்கும் உண்டு என்று முடித்தார். வாளோடு நிற்பவனிடம் சொன்ன பேச்சு இது.

வேடிக்கை என்னவென்றால், பாட்டுக்குள் இளந்தத்தன் பெயரே கிடையாது. அடியில் இருக்கிற கொளு என்ற குறிப்புதான் கதையைச் சொல்கிறது. அதை மறைத்துக்கொண்டு படித்தால் புலவர் வாழ்க்கையைப் பற்றிய நல்ல பாட்டு, அவ்வளவுதான். கொளுவைப் படித்துவிட்டுத் திரும்பினால் ஒவ்வொரு அடியிலும் ஒரு கழுத்து தெரிகிறது.

ஜப்பானிய அரசவைப் பாட்டுகளுக்கும் இப்படி முன்குறிப்பு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன் கொஷிகிபு என்ற இளம்பெண்ணை ஒரு பிரபு சீண்டினார்: 'வெளியூரில் இருக்கிற அம்மாவிடமிருந்து கடிதம் வந்துவிட்டதா?' அம்மா இசுமி ஷிகிபு பெரிய கவி. மகளுக்கு அவர்தான் எழுதித் தருகிறார் என்ற குத்தல். நின்ற இடத்திலேயே அந்தப் பெண் ஒரு பாட்டுச் சொல்லி அவர் வாயை அடைத்தாள். குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பாட்டு மலை, வழி, தூரம் என்று போகிற ஊர்ப்பெயர் வரிசைதான். அவள் தன் மானத்துக்காகப் பாடினாள். கோவூர் கிழார் அடுத்தவன் உயிருக்காகப் பாடினார்.

எனக்குக் கோவூர் கிழாரின் பாட்டு உறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், போட்டிக் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையனை, விலைப்பட்டியலை வெளியே கொடுத்துவிட்டான் என்று நிறுத்தினார்கள். அன்று அந்தக் காகிதம் என் மேஜை இழுப்பறையைவிட்டு வெளியே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். நான் டீ டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

என் தலைக்கு மேல் வாள் எதுவும் தொங்கவில்லை. சம்பள நாளுக்கு நாலு நாள் இருந்தது, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கினேன். குறை என்னவென்று எழுத வரவில்லை. அவன் பெயரை மட்டும் எழுதினேன். நாலாக மடித்து, நூல் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன்.